சேற்றில் புதைந்த வினைச்சொல்

விதி ஏழு: ‘சரிவுகளில், வாகனத்துக்கு வெளியே நின்று வழிகாட்டுபவர் கைச்சைகை மட்டுமே காட்ட வேண்டும். குரல் கொடுக்கக் கூடாது.’

எவ்வளவு தெளிவான விதி! ஒரு சொல் மிகையில்லை, ஒரு சொல் குறைவில்லை. நுழைவாயிலில், ஆள் உயரப் பலகையில், மழைக்கும் அழியாத மையில் எழுதி வைத்திருந்தார்கள். ஒரே ஒருவர் அந்த ஒரே ஒரு விதியைக் கடைப்பிடித்திருந்தால், இந்த வாரம் நான் உங்களுக்கு வேறு எதையாவது எழுதியிருப்பேன்.

இந்தப் பத்தியை வழக்கமாக வாசிப்பவர்களுக்கு என் குணம் தெரியும். சுவரில் ஒட்டியிருக்கும் எதையும் வாசிக்காமல் தாண்ட மாட்டேன். வாகனப் பதிவு அலுவலகம் ஒன்றில், கவுண்டருக்குப் பின்னால், பணிக்காலம் முழுவதையும் கழித்தவன். ஓய்வூதியம் வரத் தொடங்கியதும் மனிதன் மாறிவிடுவானா என்ன?

சம்பவம் நடந்தது சென்ற வைகாசியில். இத்தனை நாளும் நான் வாய் திறக்கவில்லை. நிலுவையில் இருக்கும் விடயத்தைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்பது முறை. இப்போது நிலுவையில் இல்லை. பேசலாம்.

இங்கே ஜேர்மனியில், வுப்பர்டாலில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். யோகன். தொழில், கூரைக்கு ஓடு போடுவது. வார நாட்களில் ஜேர்மானியர்களின் வீட்டுக்கு மேலே நிற்பார். வார இறுதியில் பூமிக்கு இறங்கி, ஒரு பழைய ஜீப்பைச் சேற்றில் புரட்டி எடுப்பார். அதுதான் அவருடைய கோயில், குளம், கடற்கரை எல்லாம்.

அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. எங்களிடமிருந்து ஒரு மணிநேரப் பயணம், மலைப்பக்கமாக. முன்னர் கல் உடைத்த பள்ளம். கல் தீர்ந்ததும் அந்த ஊராட்சி அதைப் பொதுமக்களுக்குத் திறந்து விட்டது. றோட்டில் செய்யக் கூடாத எல்லாவற்றையும் அங்கே செய்யலாம். ஏறலாம், இறங்கலாம், குழியில் விழலாம், சேற்றை வாரி இறைக்கலாம். கட்டுப்பாடில்லாமல் திரிவதற்கு ஓர் இடம் - இருபத்தொரு கட்டுப்பாடுகளோடு. இந்த நாட்டை எனக்குப் பிடிப்பதற்குக் காரணமே இதுதான்.

அதிலும் எனக்கு மிகப் பிடித்தது விதி பன்னிரண்டு. மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை அமைதி நேரம். எஞ்சின் சத்தம் கேட்கக் கூடாது. மேட்டுக்கு அந்தப் பக்கம் நாலைந்து வீடுகள் இருக்கின்றன... அங்குள்ளவர்கள் தூங்க வேண்டும். காலை முழுக்க உலகம் இடிந்து விழுவதுபோல உறுமிக்கொண்டிருந்த வாகனங்கள், ஒரு மணி அடித்ததும் பாலர் பாடசாலைப் பிள்ளைகள்போலக் கண்ணை மூடிக்கொள்ளும். காணக் கண்கோடி வேண்டும்.

சரி, விடயத்துக்கு வருவோம். அங்கே நான் ஏன் போனேன்? சேற்றில் புரளும் வயதா எனக்கு?

சாட்சியாகப் போனேன்.

யோகனுக்கு ஒரே மகள், துளசி. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. அவள் விரும்பிய பையன் கார்த்திக். ஊர் கோயம்புத்தூர், வேலை டுசுல்டோர்ஃபில், கணினியோடு. நல்ல பையன். பணிவானவர். துளசியின் அம்மாவுக்குச் சம்மதம். கார்த்திக் வீட்டாருக்கும் சம்மதம். மிச்சம் இருந்தது யோகனின் வாயிலிருந்து வர வேண்டிய ஒரு ‘ஓம்’.

யோகன் நேரடியாக மறுக்கவில்லை. மறுத்தால் காரணம் கேட்பார்களே! “பாப்பம்” என்றார். பிறகும் “பாப்பம்” என்றார். யாழ்ப்பாணத்துத் தகப்பன்மாரின் ‘பாப்பம்’ எந்த அலுவலகத்தின் ‘பரிசீலனையில் உள்ளது’ என்பதைவிடவும் ஆழமானது என்பது உங்களுக்குத் தெரியாததா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்த்திக்கை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் போயிருந்தேன். தேநீர், பற்றிஸ், மௌனம். யோகனுக்கு என்ன கதைப்பதென்று தெரியவில்லை. தனக்குப் பிடித்த விடயத்திலேயே தொடங்கினார்.

“தம்பி, நீர் ஓடுவீரோ?”

“ஓடுவேன் அங்கிள். டெய்லி காலைல அஞ்சு கிலோமீட்டர்.”

“அஞ்சுதானோ?”

“சண்டேன்னா பத்துங்க.”

“அதுக்கு மேலை ஓடுறேல்லையோ?”

“முட்டி வலிக்குதுங்க அங்கிள்.”

யோகன் என்னைப் பார்த்தார். பத்துக் கிலோமீட்டரில் முழங்கால் நோகிறதென்றால் அது என்ன கிளச் என்ற கவலை அந்த முகத்தில் தெரிந்தது.

“ஓட்டோமற்றிக் இல்லையோ?”

“ஆட்டோமேட்டிக்தாங்க. வாட்ச்லயே பதிவாயிரும்.”

யோகன் தலையாட்டினார். புது மொடல் கார்கள் கைக்கடிகாரத்தோடு தொடர்புடையவை என்று எங்கோ கேள்விப்பட்டிருக்கிறார் போலும். நான் இரண்டாவது பற்றிஸில் இருந்தேன். அதனால் எனக்கும் அப்போது எதுவும் உறைக்கவில்லை.

“சரி, சனிக்கிழமை என்னோடை வாரும். சேத்துக்குள்ளை ஓடிப் பாப்பம்” என்றார் யோகன்.

“சேத்துலயா அங்கிள்?” என்றார் கார்த்திக். முகத்தில் லேசான அதிர்ச்சி. ஆனால் காதல் இருக்கிறதே... “கண்டிப்பா வர்றேங்க.”

சனிக்கிழமை காலை வந்தார். கால்சட்டை முழங்காலுக்கு மேலே. காலில் பளிச்சென்று ஓட்டப் பயிற்சிச் சப்பாத்து. யோகனும் நானும் மழை அங்கியும் ரப்பர் பூட்ஸுமாக நின்றோம். யோகன் என் காதில், “என்ன அண்ணை, விளையாட்டுப் போட்டிக்கு வாற மாதிரி வாறான்?” என்றார். ஜீப்பைக் கண்டதும் கார்த்திக்கின் முகம் தெளிந்தது. “ஓ, ஜீப்லயா!” என்றார். அந்த ‘ஓ’வில் எவ்வளவு நிம்மதி இருந்தது என்று பிறகுதான் எனக்கு விளங்கியது.

வாசலில் செம்மஞ்சள் அங்கி போட்ட கண்காணிப்பாளர் அம்மா இருந்தார். விபத்து நடந்தால் ஊராட்சி பொறுப்பல்ல என்ற தாளில் மூவரும் கையெழுத்துப் போட்டோம். நான் பலகையை முதல் விதியிலிருந்து கடைசி விதிவரை வாசித்தேன். யோகன் வாசிக்கவில்லை. “எனக்கு மனப்பாடம் அண்ணை” என்றார். கார்த்திக்கும் வாசிக்கவில்லை. பெண் கேட்டு வந்திருப்பவர் பலகையையா வாசிப்பார்?

உள்ளே எல்லாம் நன்றாகத்தான் தொடங்கியது. பச்சைக் கொடிப் பாதை, சமதரை. கார்த்திக் ஸ்டியரிங்கைப் பிடித்தார். பதமாகச் செலுத்தினார். குழியைக் கண்டால் நிதானித்தார், கல்லைக் கண்டால் விலகினார். யோகனின் முகம் மெல்ல மெல்ல இளகுவதைப் பின் இருக்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். “கையிலை பழக்கம் இருக்கு” என்று எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார். அந்த நேரம் வீட்டுக்குத் திரும்பியிருந்தால் அன்று மாலையே ‘ஓம்’ கிடைத்திருக்கும்.

ஆனால் யோகனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. “வாரும், அந்தச் சரிவை ஒருக்கா ஏறிப் பாப்பம்” என்றார்.

சரிவுக்குக் கீழே ஒரு சேற்றுக் குட்டை. மேலே மேடு. விதிப்படி, இறங்கி நின்று வழிகாட்ட ஒருவர் வேண்டும். யோகன் இறங்கினார். நானும் இறங்கி மேட்டில் ஏறிக்கொண்டேன். என் பங்கு சாட்சி சொல்வது மட்டும்தான்.

ஜீப் பாதிச் சரிவுவரை ஏறியது. அங்கே பின்சக்கரம் வழுக்கத் தொடங்கியது. யோகன் முதலில் கையைத்தான் காட்டினார். நான் சாட்சி. இடது கை, வலது கை, மறுபடி இடது கை. ஆனால் எங்கள் ஆட்கள் கையையும் வாயையும் தனித்தனியாகப் பாவிக்கப் பழகியவர்களா? சக்கரம் இரண்டாம் தடவை வழுக்கியதும் வாய் திறந்துவிட்டது.

“நிக்காதை! நிக்காதை! ஓடு!”

கார்த்திக் திடுக்கிட்டுப் பார்த்தார்.

“ஓடு! ஓடு! யோசிக்காமல் ஓடு!”

ஜீப்பின் கதவு திறந்தது. கார்த்திக் குதித்தார். ஓடினார்.

எப்படி ஓடினார் தெரியுமா! தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடிய பழக்கம் வீண்போகவில்லை. சேற்றிலும் கால் வழுக்கவில்லை. யோகனைத் தாண்டி, என்னைத் தாண்டி, மேட்டின் உச்சிக்குப் போய்த்தான் நின்று திரும்பிப் பார்த்தார்.

சாரதி இல்லாத ஜீப் ஒரு கணம் யோசித்தது. பிறகு, வெயில் நேரத்து எருமை தண்ணீருக்கு இறங்குவதுபோல, அவசரமில்லாமல் பின்னால் இறங்கிப் போய்க் குட்டையில் அமர்ந்தது. இரண்டு முறை கொப்பளித்தது. எஞ்சின் நின்றது.

தூரத்தில் தேவாலய மணி அடித்தது. ஒரு மணி. அமைதி நேரம்.

கண்காணிப்பாளர் அம்மா நடந்து வந்தார். அவசரப்படாமல், ஆனால் முகத்தில் சட்டம் முழுவதும் எழுதியிருக்க. வந்து மெல்லிய குரலில் கேட்டார்: “இயங்கிக்கொண்டிருந்த வாகனத்தைவிட்டு இறங்கியவர் யார்?”

கார்த்திக் கையைத் தூக்கினார். பாவம், வகுப்பில் உண்மை சொல்லும் பையன்.

“விதி நான்கு. ஆளில்லாத வாகனம் உருண்டு யாரையாவது அடித்திருந்தால்? இந்தப் பருவம் முடியும்வரை உங்களுக்கு இங்கே தடை” என்றார். “ஆட்சேபனை இருந்தால் எழுத்தில், ஊராட்சி அலுவலகத்துக்கு.” ஜீப்பை இழுத்துத் தருவீர்களா என்று யோகன் கேட்டார். அந்த அம்மா உதட்டில் விரலை வைத்தார். “மூன்று மணிக்கு.”

ஆக, மூவரும் சேற்றுக் குட்டையின் கரையில் இரண்டு மணிநேரம் உட்கார்ந்தோம். சண்டை தொடங்கியது. சத்தம் போடக் கூடாது அல்லவா? அதனால் ரகசியம் பேசும் குரலில் நடந்தது சண்டை. ஒரு தகப்பனும் வருங்கால மருமகனும் காதோடு காதாகச் சண்டை பிடிப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? தூரத்தில் நின்று பார்ப்பவர்கள் என்ன பாசம் என்று நினைத்திருப்பார்கள்.

“ஏன் காணும் விட்டிட்டு ஓடினீர்?”

“நீங்கதானே அங்கிள் ஓடு ஓடுன்னு கத்துனீங்க?”

“ஓம், ஓடச் சொன்னனான்தான். நீர் ஏன் ஓடேல்லை?”

“ஓடுனேனே அங்கிள்!”

“எங்கை ஓடினீர்? அங்கை பாரும், ஜீப் தண்ணிக்குள்ளை நிக்குது!”

“ஜீப் நிக்குதுங்க. நான் ஓடுனேன்!”

“உம்மை ஆர் ஓடச் சொன்னது?”

“நீங்க!”

யோகன் என் பக்கம் திரும்பினார். “அண்ணை, இவனுக்கு ஏதும் சுகமில்லையோ?”

அந்தக் கணத்தில்தான் எனக்கு உறைத்தது. பற்றிஸ், முழங்கால், கைக்கடிகாரம், ஓட்டப் பயிற்சிச் சப்பாத்து - எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இடத்தில் வந்து விழுந்தன.

நாங்கள் கார் ஓடுகிறோம். பஸ் ஓடுகிறோம். லொறி ஓடுகிறோம். யாழ்ப்பாணத்தில் ‘ஓடு’ என்றால் வாகனத்தைச் செலுத்து என்றும் பொருள். தமிழ்நாட்டில் கார் ஓட்டுகிறார்கள். அங்கே ‘ஓடு’ என்றால் ஒரே பொருள்தான்: காலால் ஓடு. ஒரு ‘ட்’ குறைந்ததால் ஒரு ஜீப் குளித்தது.

இரண்டு பேருக்கும் இதை விளக்கினேன் - ரகசியக் குரலில்தான். கார்த்திக் தலையில் கைவைத்துக்கொண்டார். “அப்ப அன்னிக்கி நீங்க கேட்டது... டிரைவிங்கா?” யோகன் குனிந்து கார்த்திக்கின் சப்பாத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்: “அப்ப பத்துக் கிலோமீட்டர் எண்டது... கால் நடையோ?”

சிரித்திருக்க வேண்டிய இடம். யோகன் சிரிக்கவில்லை.

மூன்று மணிக்குக் கயிறு கட்டி ஜீப்பை இழுத்தார்கள். வீட்டில் துளசி கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவளும் கார்த்திக்கும் பாதி ஆங்கிலத்திலும் பாதி ஜேர்மனிலும் கதைத்துக்கொள்பவர்கள். இந்த வினைச்சொல் அவர்களுக்கு நடுவே ஒருமுறைகூட வந்ததில்லையாம். தகப்பன் சிரிக்காததைக் கண்டதும் அவளுடைய சிரிப்பு நின்றது.

“சிரிக்கிற விசயமில்லைப் பிள்ளை” என்றார் யோகன். “அங்கை எங்கடை ஜீப் கிளப் ஆக்கள் எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டவை. தடை வாங்கின பெடியனை மருமகன் எண்டு எப்பிடிக் கூட்டிக்கொண்டு போறது?”

“அதுவோ அப்பா உங்கடை கவலை?”

யோகன் உண்மையைச் சொன்னார். “நான் உயிர் போற மாதிரிக் கத்தினன். அந்தப் பிள்ளைக்கு வேறை ஒண்டாக் கேட்டிருக்கு. நாளைக்கு நீ ஒரு அந்தரம் ஆபத்திலை எதையும் சொல்ல, அவனுக்கு வேறை ஒண்டாக் கேட்டால்?”

துளசி ஒரு நொடி யோசிக்கவில்லை. “நீங்களும் அம்மாவும் ஒரே ஊர், ஒரே தமிழ். நீங்கள் சொல்லுறது அம்மாவுக்கு விளங்குதோ? அம்மா சொல்லுறது உங்களுக்கு?”

குசினிக்குள் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. துளசியின் அம்மா கதவடிக்கு வந்து, “இப்பதான் இந்த வீட்டிலை ஆரோ ஒரு ஆள் நியாயம் கதைச்சிருக்கு” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

யோகனுக்கு இறங்க மனமில்லை. இந்த நாட்டில் முப்பது வருடம் இருந்தவர் கடைசியில் எங்கே போய் ஒதுங்குவார்? கடதாசியில்தான்.

“அந்தத் தடையை நீக்கட்டும். பெடியனிலை பிழையில்லை எண்டு அவங்கள் எழுத்திலை தரட்டும். பிறகு பாப்பம்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேனையை எடுத்தேன்.

ஆட்சேபனை எழுதுவது எனக்குப் புதிதல்ல. ஆனால் இந்த ஆட்சேபனையில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் கையில் இருந்த பலமான ஆயுதம் விதி ஏழு. வழிகாட்டுபவர் வாய் திறந்திருக்கவே கூடாது. அதை எடுத்து வீசினால் ஒரே அடியில் கார்த்திக் தப்புவார்... யோகன் மாட்டுவார். மருமகனைக் காப்பாற்ற மாமனாருக்குத் தடை வாங்கிக் கொடுத்தால் கல்யாணம் நடக்குமா?

ஆகவே விதி ஏழைத் தொடாமல், தமிழ் இலக்கணத்தை மட்டும் வைத்து வாதிட வேண்டியிருந்தது. ஜேர்மன் மொழியில் இரண்டு பக்கம். தன்வினை, பிறவினை. பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் ஒரே வினைச்சொல் எப்படி வேறு வேறு வேலை பார்க்கிறது என்பதற்கு உதாரணங்கள். ஓட்டுநர் தனக்குக் கிடைத்த கட்டளையைத் தாமதமின்றி, முழுமையாக, தன் திறமையின் உச்சத்தில் நிறைவேற்றினார் என்று முடித்தேன். ‘ஓடு’ என்றால் கூரையில் போடும் பொருளும்தான், கட்டளை இட்டவரின் தொழிலே அதுதான் என்று ஒரு பந்தி எழுதிவிட்டு, பிறகு வெட்டிவிட்டேன். அலுவலர் ஒரு நாளில் எவ்வளவைத்தான் தாங்குவார்?

பதிலுக்கு என் முகவரியைப் போட்டு அனுப்பினோம். காத்திருந்தோம்.

கார்த்திக்குக் காத்திருந்து பழக்கமில்லை. அவர் உலகத்தில் எதற்கும் ஓர் எண் உண்டாம். “டிக்கெட் நம்பர்கூட குடுக்கலீங்களா அங்கிள்? ஸ்டேட்டஸ் எப்படிப் பார்க்குறது?” என்று கேட்டார். மின்னஞ்சல் போட்டார். மின்னஞ்சல்களைத் தபால் மூலம் அனுப்பும்படி பதில் வந்தது. அவர் அதைத் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டு என்னிடம் கொண்டுவந்து காட்டினார். “இது ஜோக்குங்களா அங்கிள்?” இல்லை தம்பி, இது நடைமுறை என்றேன்.

முதலில் சனிக்கிழமைகளில் தொலைபேசியில் கேட்டார். பிறகு யோகன் வீட்டுக்கு நேரிலேயே வரத் தொடங்கினார். “லெட்டர் வந்துச்சுங்களா?” யோகன் என்னிடம் விசாரித்துவிட்டு, “இல்லைத் தம்பி” என்பார். பிறகு இருவரும் உட்கார்ந்து அந்த அலுவலகத்தைத் திட்டுவார்கள். ஆடி போனது. ஆவணி போனது. திட்டு வளர்ந்தது. யோகன் தன் கூரை அனுமதிகள் தூங்கிய கதைகளைச் சொல்வார். கார்த்திக் தன் விசா தூங்கிய கதையைச் சொல்வார். துளசியின் அம்மா இடியப்பம் வைப்பார். “இப்பிடியும் ஒரு அலுவலகமோ!” “அதாங்க அங்கிள்!” என்று இரண்டு குரல்களும் ஒரே சுருதியில் சேரும்.

கவனித்தீர்களா? ஒரு வினைச்சொல்லில் பிரிந்த இரண்டு தமிழர்களைச் சேர்த்து வைக்க, பதில் போடாத ஓர் அலுவலகம் போதும். பொது மொழி தேவையில்லை, பொது எரிச்சல் இருந்தால் சரி. நம்முடைய சங்கங்கள் பலவும் இந்த அடிப்படையில்தானே நடக்கின்றன?

இடையிடையே வேறு சிலதும் நடந்தன. யோகன் அவரோடு பேசும்போது ‘ஓட்டும்’ என்று நாக்கை மடித்துச் சொல்லப் பழகினார். கார்த்திக் ‘ஆமாங்க’ போய் ‘ஓம்’ சொல்லத் தொடங்கினார். இரண்டுமே காதுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. நான் திருத்தவில்லை.

புரட்டாசியில் ஒரு நாள். நானும் இருந்தேன். யோகன் பொறுமை இழந்து தொலைபேசியை எடுத்தார். ஒலிபெருக்கியில் போட்டார். நீண்ட இசைக்குப் பிறகு ஓர் அலுவலர் வந்தார். சம்பந்தப்பட்டவர் விடுமுறையில் இருக்கிறார், அவருக்குப் பதிலாக இருப்பவர் நோய் விடுப்பில் இருக்கிறார் என்றார். யோகனுக்கு வந்ததே கோபம்! கூரையில் நின்று கீழே கத்தும் அதே குரலில், சுத்தமான ஜேர்மனில் கத்தினார்:

“என்னுடைய மருமகன் எத்தனை மாதமாகக் காத்துக்கொண்டிருக்கிறார் தெரியுமா?”

‘ஷ்வீகர்சோன்’ என்றார். மருமகன். வருங்கால மருமகன்கூட இல்லை.

துளசி கார்த்திக்கைப் பார்த்தாள். கார்த்திக் தரையைப் பார்த்தார். மறுமுனையில் அலுவலர், “உங்கள் மருமகனின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்ல முடியுமா?” என்று கேட்டார். யோகன் எழுத்துக்கூட்டிச் சொன்னார். ஒவ்வோர் எழுத்தாக, பொறுமையாக, பிழையில்லாமல். தொலைபேசியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். எல்லோரும் தன்னையே பார்ப்பது தெரிந்தது. சொன்னது என்னவென்றும் அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். முகம் சிவந்தது. ஆனால் திரும்பப் பெறவில்லை.

“என்ன பாக்கிறியள்? தேத்தண்ணியைப் போடுங்கோவன்.”

அவ்வளவுதான். அதுதான் ‘ஓம்’.

தை மாதத்துக்குக் கல்யாணம் குறித்தார்கள். கோயம்புத்தூரில் இருக்கும் கார்த்திக்கின் அம்மாவுக்கு யோகனே தொலைபேசி எடுத்தார்.

“முதல்லை நாள் பாத்துப் பொன்னுருக்கு வைக்கோணும், அக்கா.”

“பொண்ணு இருக்குன்னு எங்களுக்கும் தெரியுமுங்க. நீங்க தேதியச் சொல்லுங்க.”

“இல்லை அக்கா... பொன்னுருக்கு!”

“அதாங்க, பொண்ணு இருக்கு. பையனும் இருக்கான். அப்புறம் என்னங்க?”

யோகன் தொலைபேசியை என் கையில் தந்துவிட்டார். தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கு அது என்று விளக்கி முடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த அம்மா கேட்டுவிட்டு, “நல்லதுங்க. சேத்துல எதும் நடக்காதில்லீங்க?” என்றார். கதை அவ்வளவு தூரம் போயிருக்கிறது!

அந்தச் சடங்கு கார்த்திக் தங்கியிருக்கும் வீட்டிலேயே நடந்தது. நகை செய்யும் ஆசாரியார் நெருப்பை ஊதினார். பொன் நாணயம் உருகியது. கார்த்திக்கின் அம்மா விமானத்தில் வந்திறங்கிய களைப்போடு கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். யோகன் என் பக்கத்தில்தான் நின்றார்; ஊராட்சி பதில் போட்டதா என்று கேட்கவேயில்லை. அவருக்கு அது மறந்தே போயிருந்தது.

மாலையில் வீடு திரும்பித் தபால் பெட்டியைத் திறந்தேன். சாம்பல் நிற உறை. ஒரே ஒரு பந்தி.

உங்கள் ஆட்சேபனை கிடைத்தது, நன்றி. தடை விதிக்கப்பட்ட பருவம் ஐப்பசியோடு நிறைவடைந்துவிட்டதால் தடையும் இயல்பாகவே நீங்கிவிட்டது. எனவே இந்த விடயம் தானாகவே முடிவுக்கு வந்துவிட்டது எனக் கருதுகிறோம். எங்கள் தரப்பில் தீர்மானம் எதுவும் தேவைப்படவில்லை.

அலுவலகங்கள் எழுதும் கடிதங்களில் இவ்வளவு சரியான ஒன்றை நான் வாசித்ததில்லை. என் பழைய பழக்கப்படி, மேல் மூலையில், கிடைத்த நாளைக் குறித்து வைத்தேன்: ஜனவரி இருபத்தொன்று, புதன்கிழமை.